கைநாட்டிலிருந்து கணக்கேடு வரை

திருப்பதி மாவட்டத்தின் கிழக்கில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய சூளூர்பேட்டை, தடா வட்டாரங்களில் யானாதிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். சித்தூர் மாவட்டத்திலும் அவர்களுடைய குடியிருப்புகள் உண்டு. ராக்கெட் ஏவுதளம் அமைவதற்கு முன்னர் ஸ்ரீஹரிகோட்டாத் தீவும் அவர்களுடைய வாழ்விடமாக இருந்தது. ஏரியில் மீன் பிடித்தல், நெல்வயலில் எலி பிடித்தல், மூலிகை அறிதல் ஆகியவை அவர்களுக்குத் தலைமுறை வழி வந்த கல்வி. இத்தனையும் அறிந்த ஒருவர் வங்கி முகப்பில் வந்து நின்றால், 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்னும் ஒரே குறிப்புக்குள் அடங்கிவிடுகிறார்.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆயினும், முன்பணம் பெற்றுக்கொண்டு கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியாதவருக்குச் சட்டம் எட்டாத் தொலைவிலேயே நிற்கிறது. பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. நாற்பது வயதுத் தாய்க்கு யார் கற்பிப்பது?

இக்கேள்விக்கு அமெரிக்கப் பழங்குடியினர் கண்ட விடை நோக்கத்தக்கது. அரிசோனா மாநிலத்தில் நவாஹோ மக்கள் தாங்களே நிர்வகிக்கும் கல்லூரி ஒன்றை 1968-இல் தொடங்கினர். இன்று அது டினே கல்லூரி எனப்படுகிறது. அவர்களுடைய மொழியும் வரலாறும் அங்கே பாடங்கள். இத்தகைய கல்லூரிகள் வேளாண் விரிவாக்கப் பணியில் ஈடுபடவும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அதனால் பட்டம் நாடும் இளைஞரோடு, நிலத்தையும் கால்நடையையும் நம்பி வாழும் பெரியவருக்கும் கல்லூரியில் வேலை உண்டு.

நம் வட்டாரத்தில் அப்படியொரு கல்லூரி இல்லை. 2019-இல் தொடங்கிய ஆந்திரப் பிரதேச மத்தியப் பழங்குடியினர் பல்கலைக்கழகம் விஜயநகரத்தில் இருக்கிறது. சூளூர்பேட்டையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம். ஆனால் கல்லூரி செய்ய வேண்டிய பணியின் ஒரு பகுதியை இங்குள்ள பெண்கள் கூடிச் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

சூளூர்பேட்டையும் கூடூரும் 2022 வரை நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் முதியோர் எழுத்தறிவு இயக்கம் நடைபெற்றது. பாடநூலில் இடம்பெற்ற சீதம்மா என்னும் பெண்ணின் கதை, சாராயக் கடையை ஊர்ப்பெண்கள் எதிர்த்து நின்றதைச் சொன்னது. படித்தவர்கள் அதைப் பாடமாக மட்டும் விட்டுவிடவில்லை. தூபகுண்டா கிராமத்தில் எழுந்த எதிர்ப்பு 1992-இல் மாவட்டமெங்கும் பரவிற்று. 1993 அக்டோபரில் மாநில அரசு சாராயத்தைத் தடை செய்தது. வீட்டில் தங்கிய கூலிப் பணத்திலிருந்து நாளுக்கு ஒரு ரூபாய் சேர்க்கும் 'பொதுபு லட்சுமி' குழுக்கள் பிறந்தன. இது பழங்குடியினருக்கெனத் தனியே நடந்த இயக்கம் அன்று. எனினும், முதியோர் கல்வி எதனால் நிலைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நாம் அறியோம்.

சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு தொடங்கியதும் அதே 1992-இல்தான். அன்று முதல் குழுக்கூட்டமே ஒரு வகுப்பறையாயிற்று. தீர்மானப் புத்தகத்தை ஒருவர் வாசிக்க வேண்டும். சேமிப்பையும் கடனையும் கூட்டிக் கழிக்க வேண்டும். 'நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி' என்பது காதுக்குச் சிறிதாகத்தான் ஒலிக்கும். பத்தாயிரம் ரூபாய்க்கு மாதம் 300, ஆண்டுக்கு 3,600, அதாவது 36 சதவீதம் என்று தன் கையால் எழுதிப் பார்த்த பெண்ணை அடுத்த முறை ஏமாற்றுவது கடினம். பொருளாதாரம் என்ற பெயரில் நாம் வகுப்பில் படித்த பலவற்றைவிட இந்த ஒரு கணக்குப் பயனுள்ளது!

தொழில் கற்பதற்கு வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-இல் தோன்றிய முன்மாதிரியைப் பின்பற்றியவை இவை. உணவும் தங்குமிடமும் பயிற்சியும் இலவசம். பயிற்சி முடிந்த பின்னரும் ஈராண்டுக் காலம் தொடர்ந்து வழிகாட்டுவர். யானாதி இளைஞருக்கு எதைக் கற்பிப்பது என்பதில் மட்டும் நமக்கு ஒரு கருத்துண்டு: ஏற்கெனவே கையில் இருக்கும் அறிவிலிருந்து தொடங்கும் பயிற்சியே நிற்கும். சென்னைக்கு அருகே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் அப்படித்தான் உருவாயிற்று. பாம்பைப் பிடிக்கும் பழந்திறன், விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு வழங்கும் தொழிலாக அங்கே மாறியது.

இனி, நம் கிளைகள் செய்யக்கூடியது. ஆவணம் ஏதும் இல்லாதவர், தம் புகைப்படத்துடன் வங்கி அதிகாரி முன்னிலையில் கையொப்பமோ கைநாட்டோ இட்டுச் 'சிறு கணக்கு' தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆண்டு வரவு ஒரு லட்சத்துக்கும், மாதப் பற்று பத்தாயிரத்துக்கும் உட்பட்டிருக்க வேண்டும். கணக்கு முதலில் 12 மாதங்கள் செல்லும். அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பித்ததற்குச் சான்று காட்டினால் மேலும் 12 மாதங்கள் நீட்டிக்கப்படும். கைநாட்டுடன் கணக்குத் தொடங்கியவர் இதற்கிடையில் எழுதக் கற்றுக்கொண்டால், கிளைக்கு நேரில் வந்து தம் மாதிரிக் கையொப்பத்தைப் பதிவுசெய்துகொள்ளலாம். குழுத் தலைவியர் இச்செய்தியைத் தம் அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டுகிறோம்.