அண்ணாந்து பாருங்க, அசந்து போவீங்க! நம்ம சேலம், நாமக்கல் கட்டடங்கள் பற்றி இதெல்லாம் தெரியுமா?

தினமும் டவுன் பஸ்ஸில் கடந்து போகிற ஒரு பாறைச் சுவருக்குள் 1,200 வருடத்துக் கோயில் ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? சேலம், நாமக்கல் பக்கம் பிறந்தவர்களே, நம்ம ஊரின் பெருமையை முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டாமா? வாங்க!

ஊர் நடுவே ஒரே ஒரு கல்!

நாமக்கல் மலை பல பாறைகள் சேர்ந்தது இல்லை. மொத்தமும் ஒரே பாறை! உயரம் 75 மீட்டர், அதாவது 246 அடி! உச்சியில் ஒன்றரை ஏக்கர் சமதளம், அதைச் சுற்றிக் கோட்டை மதில்! ஏறுவதற்குத் தென்மேற்கில் குறுகலான படிகள். இதைவிடப் பெரிய ஆச்சரியம் அடிவாரத்தில்! 8-ஆம் நூற்றாண்டில் அதியமான் மரபினர் இதே பாறையைக் குடைந்து இரண்டு கோயில்கள் செய்தார்கள். மேற்கில் நரசிம்மர், கிழக்கில் அரங்கநாதர்! நரசிம்மருக்கு எதிரே 18 அடி ஆஞ்சநேயர். அவர் தலைக்கு மேலே கூரையே கிடையாது, தெரியுமா?

கணித மேதைக்கும் நாமக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, கேம்பிரிட்ஜை வியக்க வைத்தவர் ராமானுஜன். அவர் குடும்பத்தின் குலதெய்வம் யார் தெரியுமா? நாமக்கல் நாமகிரித் தாயார்! கணக்கெல்லாம் தாயார் கனவில் வந்து சொன்னது என்பாராம் அவர்!

வாலிக்கு ராமன் தெரிய மாட்டான்!

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? கெட்டி முதலியார்கள் எழுப்பிய கோயில் இது. மண்டபத்தில் ஒரு தூணில் வில்லோடு ராமன், இன்னொரு தூணில் வாலி. ராமன் பக்கம் நின்று பாருங்கள், வாலி தெரிவார். வாலி பக்கம் நின்று தேடுங்கள், ராமன் தெரிய மாட்டார்! மறைந்து நின்று அம்பு விட்ட கதையைக் கல்லிலேயே நடத்திக் காட்டிவிட்டார் சிற்பி! யாளியின் வாய்க்குள் விரலை விட்டால் கல் உருண்டை உருளும். ஆனால் வெளியே எடுக்க முடியாது! எட்டுப் பட்டைத் தெப்பக்குளம் ஒன்றும் உண்டு. ஒரு கல்லை விட்டெறிந்தால் எட்டுச் சுவரிலும் பட்டுத் திரும்பும் என்று ஊர்க்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள்!

படியில் 60 அடிப் பாம்பு!

திருச்செங்கோடு மலைக்கு 1,200-க்கும் மேற்பட்ட படிகள். ஏறும் வழியில் பாறையில் ஒரு நாகம் படுத்திருக்கிறது. நீளம் 60 அடி! படமெடுத்த தலையில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும். காரில் நேராக மேலே போய் இறங்குபவர்கள் இதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை ஒரு தடவையாவது நடந்து ஏறுங்களேன்!

வாசலுக்குப் பின்னால் வாசல்!

சங்ககிரிக் கோட்டையில் ஒரு வாசலைத் தாண்டி மூச்சு வாங்கினால், அடுத்த வாசல் மேலே நிற்கும். அதையும் தாண்டினால் இன்னொன்று! விஜயநகரக் காலத்துக் கோட்டை, திப்புவின் படை இருந்த கோட்டை, பிறகு வெள்ளைக்காரன் கைக்குப் போன கோட்டை. வெள்ளையரை எதிர்த்த தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்டதும் இங்கேதான்! ஆடிப்பெருக்கன்று கொங்கு மக்கள் இன்றும் அவரை நினைக்கிறார்கள்.

தண்ணீர் வடிந்தால் கோபுரம் எழும்!

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. சரி, மட்டம் 80 அடிக்குக் கீழே இறங்கினால் என்ன நடக்கும் தெரியுமா? பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயத்தின் கோபுரம் மெல்லத் தலை தூக்கும்! இன்னும் இறங்கி 70 அடியை நெருங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி! 1934-இல் அணை கட்டி முடிந்தபோது ஊரோடு மூழ்கியவை இவை. மூழ்குவதும் எழுவதுமாகத் தொண்ணூறு வருடம் ஓட்டிவிட்டன! அவற்றைப் பார்க்கப் பரிசலில் போகிற கூட்டம் வேறு!

எவ்வளவு பெரிய மாவட்டம்!

சேலம் மாவட்டம் உருவானது 1792-இல்! இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அதற்குள் அடக்கம்! நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். சேலம் நகராட்சி பிறந்தது 1866-இல். 1917-இல் அதன் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் யார்? ராஜாஜி! இன்னொரு வேடிக்கை: மூணு ரோடு, நாலு ரோடு, அஞ்சு ரோடு என்று வரிசையாக எண்ணிப் பேர் வைத்த ஊர் நம்ம சேலம்தானே!

ராஜாஜி ஆசிரமம், பெரியார் திறப்பு!

திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவியவர் ராஜாஜி. நாள் 1925 பிப்ரவரி 6. திறந்து வைத்தவர் யார் தெரியுமா? பெரியார்! 100 வயது தாண்டியும் கதரும் சோப்பும் விற்றுக்கொண்டு ஜம்மென்று நடக்கிறது!

வயசாக வயசாக இறுகும் சுவர்!

பழைய வீட்டுச் சுவரில் ஆணி அடித்து ஆணி வளைந்திருக்கிறதா? காரணம் சுண்ணாம்புக் காரை! சுண்ணாம்பும் மணலும் சேர்த்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் ஊற்றி, மாடு இழுக்கும் கல் சக்கரத்தில் நாள் கணக்கில் அரைப்பார்கள். பூசிய பிறகுதான் மாயம்! காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, காரை மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறும்! அதன்மேல் சிமென்ட் பூசினால்? உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லை. உப்புப் பூத்துச் செங்கல் உதிர ஆரம்பிக்கும்! நல்லது செய்வதாக நினைத்தே எத்தனை சுவர்களைக் கெடுத்திருக்கிறோம்!

மலையாளம் பேசிய சேலம்!

மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’, 1938. தயாரித்தது எந்த ஊர்க் கம்பெனி? நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்! தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956. அதுவும் இங்கேயே! திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய கம்பெனி, நூறு படங்களுக்கு மேல் எடுத்துத் தள்ளியது. கலைஞர் வசனத்தில் எம்.ஜி.ஆர். நடித்த ‘மந்திரி குமாரி’யும் இவர்கள் படம்தான்! இன்று? ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. உள்ளே வீடுகள். நூறு படத்துக்கு மிச்சம் ஒரே ஒரு வளைவு!

பாதி இடித்தும் பிழைத்தது!

பழைய கட்டடத்தைக் காப்பாற்ற முடியுமா? கொஞ்சம் நம்ம ஊரைத் தாண்டிப் பார்ப்போம். சென்னை அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897-இல் எழுந்தது. 2006-இல் இடிக்கவே தொடங்கிவிட்டார்கள்! பாரம்பரியத்தைக் காக்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்கு ஓடியது. 2010-இல் இடிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது! கடப்பாரை இறங்கிய பிறகும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஓவியத்தைப் பார்த்துக் கட்டிய நகரம்!

இரண்டாம் உலகப் போரில் போலந்தின் வார்சா பழைய நகரம் கிட்டத்தட்டத் தரைமட்டம். மக்கள் விட்டார்களா? 18-ஆம் நூற்றாண்டில் பெலோட்டோ வரைந்த ஓவியங்கள், மாணவர்கள் அளந்து போட்டுவைத்த வரைபடங்கள், இவற்றைப் பார்த்துப் பார்த்து அப்படியே திரும்பக் கட்டினார்கள்! 1980-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்! நம்ம தெருவை அப்படி யாராவது வரைந்து வைத்திருக்கிறார்களா?

100 வயசானால் என்ன மரியாதை?

மத்தியச் சட்டப்படி தொன்மைச் சின்னம் என்று சொல்ல 100 வயது ஆகியிருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டால், சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடமே கூடாது! அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்! நாமக்கல் கோட்டையும் சங்ககிரிக் கோட்டையும் இந்தப் பாதுகாப்புக்குள் வந்தவை. ஆனால் உங்கள் தாத்தா கட்டிய திண்ணை வீட்டுக்கு? அதற்குக் காவல் நீங்கள்தான்!

சரி, நீங்கள் செய்ய வேண்டியது?

பழைய கடைவீதியில் நடக்கும்போது கடைப் பலகைகளுக்கு மேலே பாருங்கள். கைப்பிடிச் சுவரில் சுதையில் ஒரு மயிலோ, இரண்டு கிளியோ, நடுவே கட்டிய வருடமோ இருக்கும்! போனில் ஒரு படம் எடுங்கள். வீட்டுக்காரரிடம் யார் கட்டியது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். செலவு? ஒரு பைசா இல்லை!

2034-இல் மேட்டூர் அணைக்கு 100! 2035-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கி 100! அணை கட்டாயம் இருக்கும். அந்த வளைவு இருக்குமா? அது நம்ம கையில்தானே இருக்கிறது, சேலத்துக்காரர்களே!