அவசரமில்லாத ஒரு சாப்பாடு

(நமது மாட்டுங்கா நிருபர்)

மும்பையில் பிழைக்க வந்த தமிழனுக்குச் சாப்பாடு கிடைக்காமல் போவதில்லை. சாப்பிட நேரம்தான் கிடைப்பதில்லை. ஆபீஸில் மத்தியான இடைவேளை அரை மணி. கை கழுவ ஐந்து நிமிடம், டப்பாவைத் திறந்து மூட ஐந்து நிமிடம் போனால், மீதி இருபது நிமிடம். பட்டறையில் வேலை செய்கிறவருக்கு அதுவும் இல்லை. நின்றபடி இரண்டு வடா பாவ், ஒரு கட்டிங் சாய், அவ்வளவுதான். இப்படி விழுங்கி விழுங்கியே வருடங்கள் ஓடிவிடுகின்றன. ஒரு நண்பரோடு உட்கார்ந்து, பேசி, நிதானமாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டால், நம்மில் பலருக்குக் கணக்கே இராது.

தனியாக வந்தவர்களின் அடுப்பு

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்களின் உழைப்பில் வளர்ந்த நகரம் இது. மில் பேட்டைகளில் அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் 'கானாவள்' நடத்திய பெண்கள். வீட்டு அடுப்பிலேயே சமையல், மாதக் கணக்கு, சம்பளத்தன்று பாக்கி தீர்க்க வேண்டும். அந்தப் பெண்களை ஒன்று சேர்த்து 1975-ல் 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்ற அமைப்பைத் தொடங்கினார் பிரேமா புரவ்.

தென்னாட்டுக் குமாஸ்தாக்களுக்கோ மாட்டுங்காதான் அடைக்கலம். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் தோன்றியதும் இங்கேதான். கிங்ஸ் சர்க்கிளில் 1936-ல் கபே மைசூர், 1940-ல் கபே மெட்ராஸ், ரயில் நிலையத்தை ஒட்டி 1942-ல் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் என்று சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக வந்தன. நடத்தியவர்கள் கன்னடச் சீமைக்காரர்கள். சாம்பாரில் கொஞ்சம் வெல்லம் தட்டும். இருந்தாலும் என்ன? வாழையிலையும், ரசமும், கெட்டித் தயிரும் கண்ணில் பட்டால் போதாதா!

மெகா பிளாக் கொடுத்த ஓய்வு

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதனால் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். தாராவியில் ஒரு தோல் பட்டறையில் கணக்கு எழுதுகிறார். வாரத்தில் இரண்டு முறையாவது பிளாட்பாரத்தில் பார்த்துக்கொள்வோம். "சௌக்கியமா அண்ணாச்சி?" "சௌக்கியம் தம்பி." அதற்குள் வண்டி வந்துவிடும். ஆறு வருட நட்பும் இந்த இரண்டு வார்த்தைகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே மெகா பிளாக். தண்டவாளப் பராமரிப்புக்காக ஞாயிறுதோறும் ரயில்வே இப்படிப் பாதையை எடுத்துக்கொள்வது மும்பைவாசிகளுக்குப் பழகிப்போன சமாசாரம். நாலு மணி வரை வண்டிகள் தாமதம்தான். வீடு திரும்ப அவசரப்பட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும், மாட்டுங்காவில் ஒரு மாடி ஹோட்டலில் இருவரும் இலை முன்னே உட்கார்ந்தோம்.

பூரி வந்தது. ஊர் மழையைப் பற்றிப் பேசினோம். சாம்பார் வந்தது. பண்டிகைக்கு ரயிலில் இடம் கிடைக்காத கதையைப் பேசினோம். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"தம்பி, ரூமைக் கொடுத்துட்டு ஊருக்கே போயிரலாம்னு நினைக்கேன். புதன்கிழமை கையெழுத்துப் போடச் சொல்லுதான் புரோக்கர்."

எனக்குச் சாதம் இறங்கவில்லை. அவர் இருப்பது மாடி அறை. ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். தாராவி மறுசீரமைப்புக்கு அரசு அறிவித்துள்ள விதிப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான். அதுவும் வாடகையாகக் கட்டிக் கட்டிச் சொந்தமாக்கும் முறை. "வெளியேன்னா எங்கே? எனக்குப் பட்டறை இங்கே. சின்னவ ஒன்பதாம் வகுப்பு இங்கே. அவன் கொடுக்கிறதை வாங்கிக்கிட்டுப் போனா நிம்மதி இல்லையா?" என்றார்.

வீட்டில் சொன்னாரா? இல்லை. பட்டறையில்? இல்லை. மூன்று மாதமாக மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார் மனிதர்!

இலையில் போட்ட கணக்கு

பரிமாறுகிறவர் மோர் கொண்டு வந்தார். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டோம். ரேஷன் கார்டு எந்த வருடத்தது? மின்சார பில் யார் பெயரில்? வாக்காளர் பட்டியலில் பெயர் எப்போது ஏறியது? ஒவ்வொன்றாகக் கேட்டேன். பட்டறைக் கணக்கு எழுதுகிற கை அல்லவா? எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் வரிசையாக இருக்கிறதாம். "பிறகு ஏன் அண்ணாச்சி அவசரம்? கையெழுத்துப் போட்டபின் திரும்ப வாங்க முடியாது. முதலில் மதினியிடம் சொல்லுங்கள், அப்புறம் விவரம் தெரிந்த ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டுங்கள்" என்றேன்.

பில் வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவரே கொடுத்தார். புதன்கிழமை கையெழுத்துப் போடவில்லை. ஊருக்குப் போவதா, இருப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் இப்போது அதை யோசிப்பவர்கள் நால்வர்: அவர், அவர் மனைவி, இரண்டு பெண்கள்.

மாதம் ஒரு இலை

போனில் இந்தப் பேச்சு வந்திராது. பிளாட்பாரத்திலும் வந்திராது. கஷ்டத்தைச் சொல்ல மனிதனுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. பூரிக்கும் மோருக்கும் நடுவே உள்ள ஒரு மணி நேரம் அதற்குத் தேவைப்படுகிறது.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு போய்ச் சாப்பிடுங்கள். கூட்டமாகப் போக வேண்டாம். கூட்டத்தில் சிரிப்பு வரும், உள்ளே இருப்பது வெளியே வராது. பெரிய ஹோட்டலும் வேண்டாம். எழுந்திருக்கச் சொல்லி அவசரப்படுத்தாத இடமாக இருந்தால் போதும். டாக்டரிடம் போக வேண்டியது, மகன் படிப்பை நிறுத்தியது, ஊரில் நிலத்தை அடகு வைத்தது என்று உங்கள் நண்பரும் எதையோ சொல்லாமல் வைத்திருக்கலாம். ரசம் வரும்வரை காத்திருங்கள். சொல்வார்.