சபா மேடையும் அடையாற்றுக் கழிமுகமும்: இரண்டு ஒளியுணரிகளின் ஒப்பீடு

லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக நின்று காட்சியை மேலேயுள்ள பார்வைத் துளைக்குத் திருப்பிவிடும் ஆடியை நீக்கி, வரும் ஒளியை நேரே ஒளியுணரியின் மீது விழச் செய்து, அவ்வுணரி காண்பதையே ஒரு சிறு மின்திரையில் படமெடுப்பவருக்குக் காட்டும் கருவியே மிரர்லெஸ் கேமரா எனப்படுகிறது. 2008-இல் வெளிவந்த பானசோனிக் ஜி1 இவ்வகையைத் தொடங்கி வைத்தது. 2013-இல் சோனி நிறுவனத்தின் ஏ7 வந்த பிறகு, பெரிய ஒளியுணரி கொண்ட தொழில்முறைக் கேமராக்களும் இவ்வழிக்கு மாறத் தொடங்கின. ஆடி போனதால் கேமராவின் உடல் மெலிந்ததே தவிர, ஒளியுணரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. மார்கழியில் சபா அரங்கையும், பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதியையும், ஆண்டு முழுவதும் அடையாற்றுக் கழிமுகத்தையும் படமெடுக்க வாய்த்திருக்கும் தென்சென்னையில் இக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது என்பதும், அவ்விடை இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது என்பதும் ஓரளவு இயற்பியல் தெரிந்தால் தெளிவாகும்.

ஒப்பிடுவதற்கு ஏற்றவை சோனியின் இரண்டு கேமராக்கள்: 2018-இல் வந்த, ஏ7 வரிசையின் மூன்றாம் பதிப்பான ஏ7-3 ஒன்று; 2019-இல் வந்த ஏ6400 மற்றொன்று. முன்னதன் ஒளியுணரி ஏறத்தாழ 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடைய ஃபுல் ஃப்ரேம் வகை. பின்னதன் உணரி 23.5 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் உடைய ஏபிஎஸ்-சி வகை. பரப்பில் முன்னது பின்னதைப் போல் இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேல். ஆனால் இரண்டிலும் பிக்சல்களின், அதாவது ஒளியை வாங்கி மின்னூட்டமாக மாற்றும் நுண்குழிகளின், எண்ணிக்கை ஒன்றே: 2 கோடியே 42 லட்சம். லென்ஸ் பொருந்தும் வாயும் இரண்டுக்கும் பொது. ஆகவே இவ்விரண்டையும் அருகருகே வைக்கும்போது தெரியும் வேறுபாடுகளில் பெரும்பகுதி ஒளியுணரியின் அளவால் மட்டுமே வருபவை.

ஃபுல் ஃப்ரேம் என்ற பெயரைக் கேட்பவர் அதுவே முழுமையானது, மற்றது குறைபட்டது என்று எண்ணிவிடுகிறார். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சினிமாவுக்கென்று செய்யப்பட்ட 35 மி.மீ. படச்சுருளைச் சிறிய கேமராவுக்குள் கிடைமட்டமாக ஓட்டி, சினிமாச் சட்டகத்தைப் போல் இருமடங்கு பரப்புள்ள சட்டகத்தை அமைத்தவர் ஜெர்மனியின் ஆஸ்கர் பார்னாக். 1925-இல் விற்பனைக்கு வந்த அவருடைய லைக்கா கேமராதான் 36-க்கு 24 என்ற அளவை உலகுக்குப் பழக்கியது. அதே படச்சுருள் சினிமாக் கேமராவில் செங்குத்தாக ஓடியபோது, பேசும்படக் காலச் சட்டகத்தின் அளவு 22-க்கு 16 மி.மீ. கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் பல பத்தாண்டுகளாக எடுக்கப்பட்ட படங்களில் பெரும்பாலானவை பதிவானது இந்த அளவுள்ள சட்டகத்தில்தான். ஏபிஎஸ்-சி உணரி அதற்கு மிக நெருங்கியது. அரங்கத் திரையை நிரப்பிய படங்களைத் தந்த ஒரு சட்டகத்தைச் சிறியது என்று தள்ளுவது பொருந்தாது.

அளவின் உண்மையான விளைவு ஒளியைச் சேகரிப்பதில் இருக்கிறது. ஒளி, ஃபோட்டான் என்னும் துகள்களாக ஒழுங்கற்ற இடைவெளியில் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழும் இடத்தில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 100 என்ற அளவில் கூடியும் குறைந்தும் வரும், அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு தடுமாற்றம். வெளிச்சம் குறைந்து 100 ஃபோட்டான்களே விழுமானால் தடுமாற்றம் 10. அது நூற்றுக்குப் பத்துப் பங்கு. இருட்டில் எடுத்த படங்களின் நிழற்பகுதியில் தெரியும் மணல்போன்ற புள்ளிகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். படமெடுப்பவர்கள் அதை நாய்ஸ் என்கிறார்கள். தமிழில் இரைச்சல் எனலாம். ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவதால் இரைச்சல் பிறப்பதில்லை. குறைவாகக் கிடைத்த ஒளியைப் பெருக்கிக் காட்டும்போது முன்பே இருந்த தடுமாற்றமும் சேர்ந்து பெரிதாகத் தெரிகிறது. ஒரே துளை எண்ணும் ஒரே ஷட்டர் நேரமும் வைத்து எடுத்தால் ஏ7-3 மொத்தத்தில் ஏ6400-ஐப் போல் இரண்டே கால் மடங்கு ஒளியைப் பெறுகிறது; கேமராக்காரர்களின் கணக்கில் இது ஒரு ஸ்டாப்புக்குச் சற்று அதிகம், ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பதைக் குறிக்கும். ஏ7-3-இன் உணரியில் மின்கம்பிகள் ஒளிக்குழிகளுக்குப் பின்னால் அமைக்கப்பட்டிருப்பதால் அதற்கு இன்னும் ஒரு சிறு ஆதாயம் உண்டு, ஆனால் அது அளவினால் வந்ததன்று.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் நின்றுவிடுகின்றன. நிற்கக் கூடாத இடமும் இதுவே. ஒளியைப் பிடித்து உள்ளே அனுப்புவது லென்ஸின் திறப்பு. உணரி, அது அனுப்பியதைப் பெற்றுக்கொள்கிறது, அவ்வளவே. எஃப் 1.8 என்று எழுதப்படும் துளை எண், குவியத் தொலைவைத் திறப்பின் விட்டத்தால் வகுத்து வருவது. எனவே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் திறப்பு ஏறத்தாழ 28 மி.மீ. அந்த லென்ஸை ஏ6400-இல் பொருத்தினால், சிறிய உணரி காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே பிடிப்பதால், ஃபுல் ஃப்ரேமில் 75 மி.மீ. லென்ஸ் தரும் குறுகிய கோணம் கிடைக்கிறது. அதே 75 மி.மீ. லென்ஸை ஏ7-3-இல் எஃப் 2.7 என்ற அளவில் வைத்தால் அதன் திறப்பும் 28 மி.மீ. தான். இப்போது இரண்டு கேமராக்களும் ஒரே இடத்திலிருந்து ஒரே காட்சியை, ஒரே அளவு ஒளியைக் கொண்டு பதிவு செய்கின்றன. பின்னணி மங்குவதும் இரைச்சலும்கூட ஏறக்குறைய ஒன்றே. அந்த ஒளி பெரிய உணரியில் அதிகப் பரப்பில் பரவுவதால் ஏ7-3-இல் ஐஎஸ்ஓ எண்ணை இரண்டே கால் மடங்கு உயர்த்த வேண்டியிருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு. பெரிய உணரியின் மேன்மை, இதைவிட அகன்ற திறப்புள்ள லென்ஸை அதற்குப் பொருத்த முடியும் என்பதில் இருக்கிறது. அத்தகைய லென்ஸை வாங்காதவருக்கு அந்த மேன்மையின் பெரும்பகுதி கைக்கு வருவதில்லை.

மார்கழிக் கச்சேரிகளில் இது சோதனைக்கு உள்ளாகிறது. மியூசிக் அகாடமியிலோ நாரத கான சபாவிலோ தியாகராய நகர் வாணி மஹாலிலோ மேடைக்கு மட்டும் மிதமான விளக்கொளி இருக்கும். ஃபிளாஷ் வெளிச்சம் பாடுபவரையும் கேட்பவரையும் ஒருங்கே குலைக்கும் என்பதால் அதைத் தொடவே கூடாது. எழுந்து நடமாடவும் இடமில்லை. பாடகரின் முகம் ஆலாபனையில் ஒரு நொடி அசையாமல் நிற்கக்கூடும், அப்போது ஏ7-3-இன் உடலுக்குள்ளேயே உணரியை அசைத்துக் கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு, ஏ6400-இல் இல்லாத ஒன்று, பேருதவி செய்யும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் மேல் ஓடும் விரல்களுக்கு அந்த அமைப்பால் பயனில்லை; அவற்றை உறைய வைக்க நொடியில் 250-இல் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆன ஷட்டர் நேரம் தேவை, அதற்கு ஒளி தேவை, ஒளிக்குத் திறப்பு தேவை. ஏ7-3-இல் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினால் திறப்பு 47 மி.மீ.; ஏ6400-இல் அதே கோணத்தைத் தரும் சிக்மாவின் 56 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் திறப்பு 40 மி.மீ. ஒரு ஸ்டாப்புக்கு மேல் என்று தொடங்கிய இடைவெளி இங்கே ஏறத்தாழ அரை ஸ்டாப்பாகச் சுருங்கிவிடுகிறது. லென்ஸோடு சேர்த்த எடையோ முன்னதற்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல், பின்னதற்கு 700 கிராமுக்கும் குறைவு. ஆயினும் மேடையை இன்னும் அகலமாகவோ இன்னும் நெருக்கமாகவோ காட்டும் அகன்ற திறப்புள்ள லென்ஸ்கள் ஃபுல் ஃப்ரேமுக்கே அதிகம் கிடைக்கின்றன என்பதால், சீசன் முழுவதும் சபா சபாவாகப் படமெடுப்பவருக்குப் பெரிய உணரியே ஏற்றது.

ஓசையின்றி எடுக்க உதவும் மின்னணு ஷட்டர் இரண்டிலும் உண்டு. ஆனால் அது உணரியை வரிவரியாகப் படிப்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும் விளக்குகளின் கீழ்ப் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழலாம். நொடியில் 100-இல் ஒரு பங்கு அல்லது 50-இல் ஒரு பங்கு என ஷட்டரை வைத்தால் அவை பெரும்பாலும் மறையும், விரல்கள் மங்கும். இந்தத் தொல்லையை உணரியின் அளவு தீர்ப்பதில்லை.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் பிற்பகலில் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் அறுபத்து மூவர் உலா வரும்போது நிலைமை நேர்மாறு. வெயிலில் எஃப் 8, நொடியில் 400-இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 100 என்ற அமைப்பே போதுமானதாக இருக்க, இரு கேமராக்களின் படங்களையும் தாளில் அச்சிட்டு வைத்தால் எது எதனுடையது என்று சொல்வது கடினம். கூட்டத்தில் தலைக்கு மேல் ஒரு கையால் தூக்கிப் பிடிக்க நேரும் அங்கேயும், தீபாவளிக்கு முந்தைய ரங்கநாதன் தெருவிலும், 403 கிராம் எடையுள்ள ஏ6400 பொருத்தமான துணை. திருமண மண்டபம் வேறு கதை: தாலி கட்டும் கணம் திரும்ப வாராது, ஏ7-3-இல் ஒரே படத்தை இரண்டு அட்டைகளில் பதியும் வசதி உண்டு, ஏ6400-க்கு ஓர் அட்டையே. தொழில்முறையாளர் முன்னதை எடுப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

அடையாற்றுக் கழிமுகத்தில் சிறிய உணரி முந்துகிறது. உடைந்த பாலத்தருகே சேற்றில் இரைதேடும் நெடுங்கால் உள்ளானையோ, நீருக்கு மேல் சிறகடித்து நிற்கும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியையோ நெருங்கினால் அது பறந்துவிடும். தொலைவிலிருந்தே எடுத்தாக வேண்டும். 600 மி.மீ. வரை நீளும் சோனி லென்ஸ் ஒன்றை இரண்டிலும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் உணரியின் மீது விழும் பறவையின் உருவம் இரண்டிலும் ஒரே அளவுதான், 6 மி.மீ. என்று கொள்ளலாம். அந்த 6 மி.மீட்டருக்குள் ஏ6400-இல் 1,500 பிக்சல்களும் ஏ7-3-இல் 1,000 பிக்சல்களும் அடங்குகின்றன. இறகின் வரியும் கண்ணின் வளையமும் முன்னதில் கூடுதலாகத் துலங்குகின்றன. திறப்பு ஒன்றே ஆனதால் பறவையிலிருந்து வந்த ஒளியும் ஒன்றே. சிறிய உணரிக்கு இரைச்சலில் பெரிய இழப்பும் இல்லை. ஏ7-3-இன் படத்தை அதே கோணத்துக்கு வெட்டினால் ஒரு கோடி பிக்சல்களே மிஞ்சும். 2019-இல் வந்த, 6 கோடியே 10 லட்சம் பிக்சல்கள் கொண்ட ஏ7ஆர்-4 போன்ற ஃபுல் ஃப்ரேம் கேமராவை வெட்டினாலும் 2 கோடியே 60 லட்சம் மிஞ்சும் என்பதால், இங்கே முடிவு செய்வது பிக்சலின் நெருக்கம் என்பதும், சிறிய உணரி அந்த நெருக்கத்தை எளிதில் கிட்டும்படி செய்கிறது என்பதும் விளங்கும். காலை வெயில் ஏறி நீர்ப்பரப்பின் மேல் கானல் அலையத் தொடங்கிய பிறகு எந்த உணரியாலும் அந்தத் துலக்கத்தைத் தர இயலாது.

மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), கறுப்பு வெள்ளையிலேயே காட்டு யானைகளைப் படமெடுத்தவர், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை இணைத்துத் தம் தேவைக்கேற்ற கருவியொன்றைத் தாமே அமைத்துக்கொண்டு அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். எடுக்கப்போவது எது, எவ்வளவு தொலைவில், எந்த வெளிச்சத்தில் என்று முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்பக் கருவியைத் தேடும் அந்த ஒழுங்கு, அட்டவணைகளைப் பார்த்துக் கேமரா வாங்கும் இக்காலத்தில் அரிதாகிவிட்டது வருந்தத்தக்கது. புதிதாகத் தொடங்குபவர் ஏ6400 போன்ற உடலோடு நின்று, மிச்சமாகும் பணத்தை 56 மி.மீ. எஃப் 1.4 போன்ற அகன்ற திறப்புள்ள லென்ஸில் இடுவது, பெரிய உணரியை வாங்கி அதில் மலிவான குறுந்திறப்பு ஜூம் லென்ஸை மாட்டுவதைவிட நல்ல படங்களைத் தரும்; இரண்டுக்கும் வாய் பொதுவாக இருப்பதால் பின்னாளில் பெரிய உடலுக்கு மாற விரும்பினாலும், ஃபுல் ஃப்ரேமுக்கென்று செய்த லென்ஸ்கள் அங்கும் முழுமையாகப் பயன்படும், ஏபிஎஸ்-சிக்கென்று செய்தவை உணரியின் நடுப்பகுதியை மட்டுமே நிரப்பும். எந்த உடலானாலும் குளிரூட்டிய அரங்கிலிருந்து கடற்காற்றின் ஈரத்துக்குள் வரும்போது கண்ணாடியில் பனி படியும். பையைச் சிறிது நேரம் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். மழை மாதங்களில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காதிருக்கச் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டி ஒன்றும் வீட்டில் தேவை.