பேனிக் அட்டாக்: சோடாவும் சாவியும் வேண்டாம், பக்கத்தில் ஒருவர் போதும்

இரவுப் பணியில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கி, "செத்துடுவேன் டாக்டர்" என்று கையை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஒருவர். ஆளுக்கொரு வைத்தியம் பார்த்துவிட்டுக் கூட்டி வரும் உறவினர்கள். இ.சி.ஜி. சரியாக இருக்கும். வந்திருப்பது பேனிக் அட்டாக், அதாவது திடீரெனத் தாக்கும் கடும் பயம். அது சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதற்குள் வீட்டில் நடப்பதுதான் கவலை.

வீட்டில் நடக்கும் வைத்தியம்

கேஸ் என்று சோடாவை ஊற்றுகிறார்கள். மூச்சு வாங்குபவருக்குப் புரையேறிவிடும். விரல்கள் விறைத்தால் வலிப்பு என்று கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். வலிப்புக்கே சாவி உதவாது! வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் விறைப்பதும் உதடு மரத்துப்போவதும் அதனால்தான். மூச்சு நிதானமானால் தானே சரியாகும். காகிதப் பையில் மூச்சு விடச் சொல்வதும் வேண்டாம். உண்மையில் ஆஸ்துமாவோ மாரடைப்போ இருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

"சும்மா நடிக்கிறா" என்று அவர் காதுபடவே பேசுவது இவை எல்லாவற்றையும்விடக் கொடுமை. அந்த வியர்வையை யாரும் நடித்து வரவழைக்க முடியாது.

அடுத்தவர் மாத்திரை

பக்கத்து வீட்டு அக்காவுக்கு டாக்டர் எழுதிய அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையை நோயாளியும் போட்டுக்கொள்கிறார். எத்தனை முறை சொல்வது? சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். பிறகு திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

செவிலியர் செய்வது

எங்கள் செவிலியர்கள் முதலில் கூட்டத்தை வெளியே அனுப்புவார்கள். நோயாளியைத் தனியாக விடமாட்டார்கள். "நான் இங்கேயே இருக்கேன்மா, இது அடங்கிடும்" என்று தாழ்ந்த குரலில் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவார்கள். "ஏன் பயப்படுறே?" என்று அப்போது கேட்கமாட்டார்கள், பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை. அனுமதி கேட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லி, கூடவே தாங்களும் மூச்சு விட்டுக் காட்டுவார்கள். இதை வீட்டில் நீங்களும் செய்யலாம்.

பரிசோதனை

வேறு நோய் காரணமில்லை என்று உறுதிசெய்ய இ.சி.ஜி., சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை பார்ப்போம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

நெஞ்சுவலி முதல்முறை வந்தால் பயம்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள், உடனே வாருங்கள். பேனிக் அட்டாக் என்று தெரிந்தபின், அடுத்தது வரும்வரை காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு சிகிச்சையும் மருந்தும் நன்றாகப் பலன் தரும். மருந்து வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும், பாதியில் விட்டுவிடாதீர்கள். போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.