மூளையுள் ஒரு மணிப்பொறி

1962ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மிசேல் சிவ்ர் என்னும் பிரெஞ்சு இளைஞர் அல்ப்ஸ் மலைக் குகையொன்றினுள் கடிகாரமின்றி இறங்கினார். செப்டெம்பர் 14ஆந் தேதி அவரை மேலே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றே அவர் எண்ணியிருந்தார். மனம் 25 நாட்களைத் தவறவிட்டது, உடலோ தவறவிடவில்லை. அவர் உறங்கி விழித்த சுற்று ஏறத்தாழ 24 மணி 30 நிமிடமாகவே இருந்தது.

இக்கணக்கை வைத்திருப்பது யாது? மூளையின் அடியில், பார்வை நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட சிறு திரள் உண்டு. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் எலிகளில் இதனை அழித்தபோது அவற்றின் நாளொழுங்கு குலைந்தது. 1990இல் வெளியான சோதனை இன்னும் வியப்புக்குரியது. 20 மணிச் சுற்றுடைய அம்சிற்றர் என்னும் கொறிபிராணியின் கலத்திரளை, அத்திரளை இழந்த வேறொன்றின் மூளையிற் பதித்தனர். நம்புதற்கரியது, ஆயினும் பெற்ற பிராணி, கொடுத்ததன் நேரப்படியே ஓடித் திரியத் தொடங்கிற்று.

நாள்தோறும் சிறிது பிந்தும் மனிதரின் இப்பொறியைக் காலை ஒளி திருத்துகின்றது. இரவில் மெலற்றோனின் சுரப்பதும், வைகறைக்கு முன் உடல்வெப்பம் தாழ்வதும் இதன் ஆணையாலேயாம்.

ஈரலுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. அது பெரிதும் உணவு வேளையையே நோக்கும். இரவுக் கடமையிலுள்ள மருத்துவத் தாதி நள்ளிரவில் உண்ணும்போது, தலைமைப் பொறி இரவென்கிறது. ஈரலுக்கோ பகலென்னும் செய்தி போகிறது. குருதியிலேறும் சர்க்கரையை அடக்கும் ஆற்றலும் அவ்வேளையிற் குறைவு. ஓரிரு இரவுகளில் இப்பிணக்குத் தீர்வதில்லை. கடமை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவள் கண்ணிற் படும் காலை வெயில், மூளையை மீண்டும் பகலுக்கே இழுக்கின்றது.