மருத்துவர் எடுத்து வைத்த இரண்டாவது மாதிரி

2018 ஏப்ரல் 24 அன்று கலிஃபோர்னியாவின் தலைநகர் சேக்ரமெண்டோவை ஒட்டிய சிட்ரஸ் ஹைட்ஸ் என்ற ஊரில் 72 வயது முதியவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஜோசப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ என்பது பெயர். 1970களிலும் 80களிலும் அந்த மாநிலத்தின் தூக்கத்தைக் கெடுத்த ‘கோல்டன் ஸ்டேட் கில்லர்’ இவன்தான் என்று அறிவித்தார்கள். குற்றங்களைத் தொடங்கிய ஆண்டுகளில் இவன் காக்கிச் சட்டைக்காரன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எக்ஸெட்டர், ஆபர்ன் ஆகிய ஊர்களில் காவலராக இருந்தவன். 1979இல் கடையில் ஒரு சுத்தியலும் நாய் விரட்டும் மருந்தும் திருடிப் பிடிபட்டதால் வேலை போனது. பெரிய குற்றங்களுக்காக யாரும் அவனைத் தேடி வரவில்லை.

13 கொலைகள், ஏறத்தாழ 50 பாலியல் வல்லுறவுகள், நூற்றுக்கும் மேற்பட்ட வீடு புகுந்த திருட்டுகள் என்று கணக்கு நீள்கிறது. முதல் கொலை 1975இல் விசேலியாவில் நடந்தது; கடைசிக் கொலை 1986இல் இர்வைனில். வட்டாரம் மாறியபோதெல்லாம் காவல்துறை புதிய குற்றவாளி ஒருவனைத் தேடத் தொடங்கியது. ஒரே ஆளை மூன்று தனித்தனிப் பெயர்களில் தேடினார்கள்.

துப்பு துலங்கிய கதையை விஞ்ஞானத்தின் வெற்றி என்று சொல்வது வழக்கம். அந்த வெற்றிக்கு முன்னால் ஒரு மருத்துவரின் பொறுப்புணர்வு இருக்கிறது. அதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

1980 மார்ச் மாதம் வென்டூரா நகரில் ஒரு வழக்கறிஞரும் அவர் மனைவியும் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார்கள். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் பீட்டர் ஸ்பெத், பாலியல் வன்முறைத் தடயங்களை ஒன்றுக்கு இரண்டு தொகுப்பாக எடுத்தார். ஒன்று விசாரணைக்கு. மற்றொன்று உறைபெட்டிக்குள் போனது. அது அவருடைய வழக்கம். பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏ ரேகை முறையைக் கண்டறிந்தது 1984இல்தான். ஆக, அந்த மாதிரி பிற்காலத்தில் எதற்குப் பயன்படும் என்று 1980இல் யாருக்கும் தெரியாது. மற்ற பல வழக்குகளின் மாதிரிகள் சோதனைகளிலேயே தீர்ந்துபோயின. சில இடங்களில் சட்டக் காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்பட்டன. வென்டூராவின் இரண்டாவது தொகுப்பு மட்டும் கை படாமல் சுமார் 37 ஆண்டுகள் கிடந்தது.

இடைப்பட்ட காலத்தில் ஆய்வகங்கள் சும்மா இருக்கவில்லை. தென்கலிஃபோர்னியாவில் நடந்த கொலைகள் ஒரே ஆளின் வேலை என்று 1990களில் தெரிந்தது. வடக்கே வல்லுறவுகளைச் செய்தவனும் அவனே என்று 2001இல் டிஎன்ஏ காட்டியது. ஆனால் அவன் யார்? அமெரிக்கக் காவல்துறையின் ‘கோடிஸ்’ தரவுத்தளம் அப்போது டிஎன்ஏவில் 13 இடங்களை மட்டுமே ஒப்பிட்டது, இப்போது 20. ஒரு சிறு துண்டு அந்தந்த இடத்தில் எத்தனை முறை திரும்ப வருகிறது என்ற எண்ணிக்கைதான் அங்கே அடையாளம். இரண்டு மாதிரிகளும் ஒரே ஆளுடையவையா என்று சொல்ல இது போதும். ஆனால் ஆள் ஏற்கெனவே பட்டியலில் இருக்க வேண்டும். கொல்லப்பட்டவர்களில் ஒருவருடைய சகோதரர் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, கடும் குற்றங்களுக்காகக் கைதாகும் எல்லோரிடமும் டிஎன்ஏ எடுக்கும் சட்டத்தை 2004 வாக்கெடுப்பில் நிறைவேறச் செய்தார். பல வழக்குகளில் அது உதவியது. டிஏஞ்சலோ மட்டும் பட்டியலுக்கு வெளியிலேயே இருந்தான்.

காண்ட்ரா கோஸ்டா மாவட்டப் புலனாய்வாளர் பால் ஹோல்ஸ், ஓய்வுபெற்ற காப்புரிமை வழக்கறிஞரும் மரபணு வம்சாவளி ஆய்வாளருமான பார்பரா ரே-வென்டர், எஃப்பிஐ அதிகாரிகள் ஆகியோர் சேர்ந்து 2017இல் வேறு கதவைத் தட்டினார்கள். பூர்வீகம் அறிய எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பும் பழக்கம் அமெரிக்காவில் பெருகியிருந்தது. அந்த நிறுவனங்கள் சில லட்சம் இடங்களில் உள்ள ஒற்றை எழுத்து வேறுபாடுகளைப் படிக்கின்றன. முடிவுக் கோப்பை ‘ஜெட்மேட்ச்’ போன்ற பொதுத் தளத்தில் ஏற்றினால், யாரோடு எவ்வளவு டிஎன்ஏ பொதுவாக இருக்கிறது என்று தெரியும். நீளமான துண்டு பொதுவாக இருந்தால் நெருங்கிய உறவு. துண்டு சிறுத்துக்கொண்டே போனால் தூரத்து உறவு. கொள்ளுத் தாத்தாவின் பெற்றோர்தான் இருவருக்கும் பொது மூதாதையர் என்றால், பகிரும் அளவு சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் தேடுவோருக்குப் போதுமான நூல்முனை.

வென்டூரா மாதிரியிலிருந்து கிடைத்த கோப்புக்கு அப்படிச் சில தூரத்து உறவினர்கள் அகப்பட்டார்கள். அங்கிருந்து முழுக்க முழுக்கக் காகித வேலை. முதலில் 19ஆம் நூற்றாண்டு மூதாதையரை அடைய வேண்டும். பிறகு அவர்களுடைய பிள்ளைகள், பேரர்கள், கொள்ளுப்பேரர்கள் என்று ஒவ்வொரு கிளையாகக் கீழே இறங்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கல்லறைப் பதிவு, பழைய செய்தித்தாள்களின் மரண அறிவிப்பு எல்லாம் புரட்டப்பட்டன. சில மாதங்களில், வயதும் ஊரும் பொருந்திவரும் ஆண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள்.

வம்சாவளி தருவது சந்தேகத்தை மட்டுமே. இதைப் பலர் கவனிப்பதில்லை. 2017இல் வேறொரு தளத்தின் அரைகுறைப் பொருத்தத்தை நம்பி ஆரிகன் மாநிலத்தில் முதியோர் இல்லத்தில் இருந்த ஒருவரிடம் காவல்துறை மாதிரி எடுத்தது. அவருக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை. வென்டூரா கொலைக்காக 1980களில் கைதாகி, பின்னர் வழக்குக் கைவிடப்பட்ட ஒருவர் அந்தக் கறையோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவரை விடுவித்ததும் டிஎன்ஏதான். எனவே டிஏஞ்சலோ விஷயத்தில் அவசரப்படவில்லை. கடை வாசலில் நிறுத்தியிருந்த அவன் காரின் கதவுப் பிடியிலிருந்தும், பிறகு வீட்டுக் குப்பையில் கிடந்த காகிதக் கைக்குட்டையிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். இரண்டும் குற்ற இடத் தடயத்தோடு பொருந்தின.

கைதில் எனக்கு மகிழ்ச்சி. வழிமுறையில் கேள்வி உண்டு. ஒருவர் ஆர்வத்தில் கோப்பை ஏற்றினால், ஒப்புதல் கேட்கப்படாத அவர் உறவினர் கூட்டம் முழுவதும் தேடலுக்குள் வந்துவிடுகிறது. பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் கொண்ட தரவுத்தளம் இருந்தாலே, ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு கொள்ளுத் தாத்தாவின் பெற்றோர் வழியிலோ அதைவிட நெருக்கமாகவோ ஓர் உறவினர் அதில் அகப்படுவார் என்று ‘சயின்ஸ்’ இதழில் 2018இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. ஜெட்மேட்ச் 2019இல் விதியை மாற்றி, சம்மதிப்போரின் கோப்பை மட்டும் காவல்துறைக்குத் திறந்தது. அதே ஆண்டு அமெரிக்க நீதித்துறை, கொலை, பாலியல் குற்றம் போன்ற கொடிய வழக்குகளில், அதுவும் மற்ற வழிகள் அடைபட்ட பிறகே இந்த முறையை நாடலாம் என வரம்பு வைத்தது. இது நியாயமான வரம்பு. எல்லா நாடுகளும் சட்டமாகவே எழுதிவைக்கலாம்.

2020 ஜூனில் டிஏஞ்சலோ 13 கொலைகளையும் ஒப்புக்கொண்டான். மரண தண்டனை தவிர்க்கப்பட்டது. ஆகஸ்டில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. 1970களின் வல்லுறவுகளுக்கு மட்டும் தனி வழக்கு இல்லை. காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது. கொள்ளைக்காகக் கடத்தியது என்ற குற்றச்சாட்டின் வழியாகவே அந்தப் பெண்களில் 13 பேருடைய வழக்குகளை அரசுத் தரப்பு உள்ளே கொண்டுவர முடிந்தது. மற்றவற்றை அவன் நீதிமன்றத்தில் வாயால் ஒப்புக்கொண்டதோடு சரி. வல்லுறவு வழக்குகளுக்கான காலக்கெடுவைக் கலிஃபோர்னியா 2016இல் சட்டம் இயற்றி நீக்கியது. ஆனால் 2017 ஜனவரி 1க்கு முன்பே காலாவதியான குற்றங்களுக்கு அது பொருந்தாது.