ஜானி கேஷ்: சரிவு காலத்து இரட்டை இசைத்தட்டு

ஜானி கேஷ் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் ஒரு பெரிய தாண்டு தாண்டுவாங்க. 1968இல் ஃபோல்சம் சிறைக் கச்சேரி. அப்புறம் நேரா 1994, ரிக் ரூபின் தயாரித்த ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’. நடுவில் இருப்பதெல்லாம் ‘சரிவு’. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்.

சரிவு நிஜம்தான். 1976க்குப் பிறகு தனிப் பாடகராக அவருக்குக் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் கிடைக்கவே இல்லை. 1979இல் ஒரு பாட்டு இரண்டாம் இடம் வரை போச்சு, அவ்வளவுதான். அதே வருஷம்தான் ‘எ பிலீவர் சிங்ஸ் த ட்ரூத்’ வந்தது. இரட்டை இசைத்தட்டு, 20 பாட்டு, எல்லாமே கோஸ்பல். வெளியிட்டது அவருடைய கொலம்பியா இல்லீங்க. கஷே ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம்.

இதில் என்ன விசேஷம்? கொஞ்சம் பின்னாடி போகணும். 1950களில் மெம்ஃபிஸின் சன் ரெக்கார்ட்ஸுக்கு கேஷ் போனதே கோஸ்பல் பாடத்தான். அது விலை போகாதுன்னு சாம் ஃபிலிப்ஸ் சொல்லிட்டார். 1957இல் வந்த முதல் ஆல்பத்தில் ‘ஐ வாஸ் தேர் வென் இட் ஹேப்பன்ட்’ என்ற ஒரு கோஸ்பல் பாட்டு மட்டும் எப்படியோ இடம் பிடிச்சது. 1958இல் கொலம்பியாவுக்கு மாறினார். அடுத்த வருஷமே அங்கே முழு பக்திப்பாடல் ஆல்பம் வந்தது. கோஸ்பல் பாட இடம் கிடைக்கும்னு நம்பிப் போன இடம் அது. இருபது வருஷம் கழிச்சு, அதே கோஸ்பலுக்காக அவர் வெளியே போக வேண்டியதாச்சு.

1957இல் பாடின அந்தப் பாட்டையே 1979 ஆல்பத்தில் மறுபடியும் பாடியிருக்கார். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1940களில் பிரபலமாக்கிய ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே’யும் இருக்கு. கறுப்பின கோஸ்பல் பாடகியான தார்ப், அவர் சின்ன வயசிலிருந்து ரசித்தவர். ஆக, இது மார்க்கெட் போன பாடகர் பக்தியில் ஒதுங்கிய கதை இல்லை. முதல் நாளே பாட நினைச்சதை, தடுக்க ஆள் இல்லாதபோது பாடி முடிச்ச கதை.

ரூபினிடம் கேஷ் கிட்டாரோடு தனியாகப் பாடிய அம்மாவின் பக்திப் பாடல்கள் 2003இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தன, எல்லாரும் கொண்டாடினாங்க. 1979 ஆல்பம் 2012இல் ‘பூட்லெக்’ வரிசையின் நாலாம் தொகுப்பில் இடம்பெற்றது. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. குரல் தளர்ந்திருக்கு, நம்பிக்கை அதேதான். நடுவில் மாறினது கேட்கிற நாமதான்.